இளநீர் கொடுக்கலாமா என்று கேட்டவள்

தம்பி,

திங்கட்கிழமை நீ சென்னைக்குக் கிளம்புகிறாய். ஹவுஸ் சர்ஜன் வேலை முடிந்து, அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டராகச் சேரப் போகிறாய். இரண்டு நாளாகத் தெருவே வந்து உனக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போகிறது. உன் அப்பா ஒர்க்ஷாப்பில் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்துவிட்டு வந்தார். நான் மட்டும் முகம் கொடுத்துப் பேசவில்லை என்பதை நீ கவனித்துவிட்டாய். "என்னம்மா, நான் போறேன்னு வருத்தமா?" என்று நேற்றுக் கேட்டாய். ஆமாம் என்று தலையாட்டினேன். அது பொய். எனக்கு உன் மேல் கோபம். அதைவிட அதிகமாக என் மேல் கோபம். இரண்டையும் நேரில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். உன் பெட்டிக்குள் வைத்தால் படித்துவிட்டு மடித்து வைத்துவிடுவாய் என்று எனக்குத் தெரியும். அதனால் ஒரு பிரதியைப் பெயர் போடாமல் பத்திரிகைக்கும் அனுப்புகிறேன். உன்னைப் போல வெள்ளைக் கோட்டு மாட்டுகிற மற்றப் பிள்ளைகளும் படிக்கட்டும்.

போன மாதம் ஒரு நாள் காலையில், துவைத்துத் தேய்த்த உன் கோட்டுகளைக் கொடுப்பதற்காக வார்டுக்கு வந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? நீ என்னைப் பார்ப்பதற்கு முன்பே நான் உன்னைப் பார்த்துவிட்டேன். நர்ஸ் மேசைக்குப் பக்கத்தில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாய். தூண் ஓரமாக நின்று கேட்டேன். "நீ லேப்ல இருக்க. நம்பர மட்டும் சொல்லு. ரிப்பீட் பண்ணனுமா, என்ன செய்யணும்னு நீ எனக்குச் சொல்லாத. போன வையி." பக்கத்தில் நின்ற நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டார். அப்போது ஒரு அம்மா, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உன்னிடம் வந்தார். "தம்பி, அவருக்கு என்னன்னு யாருமே சொல்ல மாட்டேங்கிறாக" என்றார். நீ கையை நீட்டி பெஞ்சைக் காட்டினாய். "சொன்னா உங்களுக்குப் புரியாதும்மா. அங்க போயி உக்காருங்க." அதற்குப் பிறகுதான் என்னைப் பார்த்தாய். உன் முகம் நொடியில் மாறியது. "எப்பம்மா வந்த? சாப்பிட்டியா?" என்று சிரித்தாய். நான் கோட்டுகளைக் கொடுத்தேன். "போறேன்ப்பா" என்றேன். அன்றும் நான் வாயை மூடிக்கொண்டேன் என்பதைக் குறித்துக்கொள்.

ஆனால் நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போகவில்லை. கீழே லேப்புக்குப் போனேன். நான் இருபது வருடம் லேப்பில் இருந்தவள், எந்த ஆஸ்பத்திரியானாலும் அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டே போய்ச் சேர்ந்துவிடுவேன். உள்ளே ஒரு பெண் இருந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும். கண் சிவந்திருந்தது. நான் யார் என்று சொல்லாமல், நானும் லேப் டெக்னீசியன்தான் என்று மட்டும் சொல்லிப் பேச்சுக் கொடுத்தேன். "டாக்டர் கத்துனாராம்மா?" என்றேன். "பழகிருச்சுக்கா" என்றாள். "சுகர் ரொம்ப இறங்கியிருந்துச்சு, அதான் போன் அடிச்சேன். இனிமே எதுக்கு? எழுதி வச்சுட்டா அவுக பாத்துக்கட்டும். எனக்கென்ன வந்துச்சு?" 'எனக்கென்ன வந்துச்சு.' அதே வார்த்தையை நான் சொல்லியிருக்கிறேன். அதைச் சொன்னதால் ஒரு மனிதர் செத்துப்போனதை நான் பார்த்திருக்கிறேன். இதுவரை உன்னிடம் சொல்லாததை இப்போது சொல்கிறேன், பொறுமையாகப் படி.

நீ ஆறாம் வகுப்புப் படித்த வருடம். நான் மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி லேப்பில் இருந்தேன். திருமங்கலத்திலிருந்து காலை ஏழு மணி பஸ். என் அப்பா அம்மா பேரையூர்ப் பக்கம் பிறத்தியார் காட்டில் களை எடுத்தவர்கள், உனக்குத் தெரியும். அந்தக் குடும்பத்தில் ஒரு பெண் டிப்ளமோ படித்து, கண்ணாடி அறைக்குள் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வேலை பார்ப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரு நாள் ஒரு பெரியவரின் ரத்தம் வந்தது. பொட்டாசியம் மிக அதிகமாகக் காட்டியது, அந்த அளவுக்கு ஏறினால் இதயமே நின்றுவிடலாம். பதறிப்போய் இன்டர்காமில் டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் ஓடிவந்தார், ஊசி ஏற்பாடு செய்தார், திரும்ப ரத்தம் எடுத்துப் பார்த்தால் எல்லாம் சரியாக இருந்தது. நடந்தது இதுதான். முதலில் ரத்தம் எடுத்த நர்ஸ் மெல்லிய ஊசியால் இழுத்து, அவசரத்தில் குழாய்க்குள் பீய்ச்சிவிட்டிருந்தார். அப்படிச் செய்தால் சிவப்பணுக்கள் உடைந்து, உள்ளே இருக்கும் பொட்டாசியம் வெளியே கொட்டும், நோயாளிக்கு இல்லாத நோயை மெஷின் காட்டும். ரத்தத்துக்கு மேலே தெளிந்து நிற்கும் சீரத்தில் லேசாகச் சிவப்பு ஓடியதை நான் பார்த்திருக்க வேண்டும். பயத்தில் பார்க்கவில்லை. என் தப்புத்தான்.

டாக்டர் லேப்புக்கே வந்தார். ஜன்னலுக்கு வெளியே ஆறேழு பேர் ரிப்போர்ட்டுக்காக நின்றார்கள். "லேப்ல உக்காந்துக்கிட்டு எனக்கு டாக்டர் வேலை பாக்குறியா? நம்பர எழுது, தட்டுல வையி. அதோட உன் வேலை முடிஞ்சது. இனிமே போன் அடிச்சு டிராமா போடாத" என்றார். போகிறபோது திரும்பி, "நீ எந்த ஊரு?" என்றார். பேரையூர்ப் பக்கம் என்றேன். "அதான்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். திட்டியது எல்லாம் மறந்துபோயிருக்கும் தம்பி, அந்த 'அதான்' மறக்கவே இல்லை. வீட்டுக்கு வந்து அழுதேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாய். உன் அப்பா, "நீ போன் பண்ணலைன்னு யாரும் கேக்கப் போறதில்ல. பண்ணித் தப்பாச்சுன்னா வேலை போயிரும். எழுதி வச்சுட்டுப் பேசாம இரு" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

அடுத்து இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும். சித்திரை வெயில். முத்துக்காளை என்று ஒருவரை முதல் நாள் சாயங்காலம் சேர்த்திருந்தார்கள். நாற்பது வயது. பேரையூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். வாந்தி, அசதி, முகத்தில் கொஞ்சம் வீக்கம். வெயிலும் வயிற்றுக் கோளாறும் என்று டாக்டர் நினைத்தார். தன் காலால் நடந்து வந்தவர். காலையில் எடுத்த அவருடைய ரத்தம் பதினொரு மணிக்கு என் மேசைக்கு வந்தது. சிறுநீரகம் கெட்டால் ஏறுகிற யூரியா, கிரியாட்டினின் இரண்டும் ஏறிக் கிடந்தன. பொட்டாசியம் ஏழரைக்குப் பக்கத்தில். மூன்றரையிலிருந்து ஐந்துக்குள் இருக்க வேண்டியது. இந்த முறை நான் குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சீரம் தெளிவாக, வைக்கோல் நிறத்தில் இருந்தது. ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை. இரண்டாவது முறை ஓட்டினேன், அதே எண் வந்தது. ரிசீவரைக் கையில் எடுத்தேன். 'அதான்' என்ற குரல் காதில் விழுந்தது. ரிசீவரை வைத்துவிட்டேன். ரிப்போர்ட்டில் அந்த எண்ணுக்குக் கீழே சிவப்பு மையால் இரண்டு கோடு போட்டேன். வார்டுக்குப் போகிற தட்டில் வைத்தேன். எனக்கென்ன வந்துச்சு என்று வாய்விட்டே சொன்னேன்.

பத்து நிமிடத்தில் ஜன்னலில் ஒரு பெண் வந்து நின்றாள். முத்துக்காளையின் மனைவி, பேச்சி. கையில் அவர் துண்டு. "அம்மா, எங்க வீட்டுக்காரருக்கு ரத்தம் எடுத்தாகளே, என்னம்மா வந்திருக்கு?" என்றாள். ரிப்போர்ட்டை டாக்டரிடம்தான் கொடுப்போம் என்றேன். "சரிம்மா. நாக்கு வறண்டு வருதுங்கிறாரு. இளநி வாங்கிக் குடுக்கவா? காலையில ரெண்டு குடுத்தேன், குடிச்சாரு. உடம்பு சூடு தணியும்ல?" என்றாள். தம்பி, உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை, ஆனால் இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இளநீரில் பொட்டாசியம் நிறைய. நல்ல சிறுநீரகம் அதைச் சலித்து வெளியே தள்ளிவிடும். கெட்டுப்போன சிறுநீரகத்தால் முடியாது, அது ரத்தத்திலேயே தங்கி இதயத்தை நிறுத்தும். அந்தப் பெண் விஷத்தைக் கொடுக்கட்டுமா என்று என்னிடம் அனுமதி கேட்டாள். எனக்குப் பதில் தெரியும். பதில் எழுதிய தாள் என் முழங்கைக்குப் பக்கத்தில், தட்டில் கிடந்தது. "அதெல்லாம் டாக்டர்கிட்ட கேளுங்க" என்றேன். "அவரு பாத்துட்டுப் போயிட்டாரும்மா, சாயங்காலம்தான் வருவாராம். நீங்களும் படிச்சவுகதான, ஒரு வார்த்த சொல்லுங்க" என்றாள். நான் ஜன்னல் கண்ணாடியை இழுத்துச் சாத்தினேன்.

ஏன் சாத்தினேன் என்றும் சொல்லிவிடுகிறேன். டாக்டருக்குப் பயந்து மட்டும் இல்லை. அவள் பேச்சு என் ஊர்ப் பேச்சு. இன்னும் இரண்டு வார்த்தை பேசினால் "நீங்க எந்த ஊரும்மா?" என்று கேட்டுவிடுவாள், பக்கத்தில் இருக்கிறவர்கள் முன்னால் நான் அவளுக்குச் சொந்தக்காரி மாதிரி ஆகிவிடுவேன் என்று வெட்கப்பட்டேன். அவளுக்கும் எனக்கும் நடுவில் ஒரு கண்ணாடி வேண்டும் என்று நினைத்தேன். அந்தக் கண்ணாடி வழியாகவே, அவள் வெயிலில் ரோட்டைக் கடந்து இளநீர் வண்டிக்குப் போவதையும், ஸ்ட்ரா போட்ட இளநீரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சிந்தாமல் நடந்து திரும்பி வருவதையும் பார்த்தேன்.

ஒன்றரை மணிக்கு முத்துக்காளை இறந்துபோனார். அப்போதும் அந்த ரிப்போர்ட் தட்டில்தான் கிடந்தது, வார்டுக்கு எடுத்துப் போகிற ஆள் சாப்பிடப் போயிருந்தார். டாக்டர் வந்தார். தாளைப் பார்த்தார். "ஏன் போன் பண்ணல?" என்றார். "நீங்கதான சார் பண்ணக் கூடாதுன்னு சொன்னீங்க" என்றேன். அவர் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். பிறகு கதவைச் சாத்திவிட்டு, "ரிப்போர்ட் டைம ரெண்டு மணின்னு மாத்திரு. ரெண்டு பேருக்கும் நல்லது" என்றார். மாற்றினேன். புதுத் தாளில், பதிவேட்டில், இரண்டிலும், என் கையால். அதற்குப் பிறகு நான் அங்கே ஒன்பது வருடம் இருந்தேன். அந்த ஒன்பது வருடமும் அவர் என்னிடம் குரலை உயர்த்தியதே இல்லை. "வாங்கம்மா, போங்கம்மா" என்றார். திட்டு வாங்கியபோது அழுத நான், அந்த மரியாதையை வாங்கிக்கொண்டு வேலை பார்த்தேன்.

உடலை எடுத்துப் போவதற்கு முன் பேச்சி மறுபடியும் ஜன்னலுக்கு வந்தாள். அந்த ரிப்போர்ட்டை அவள் கையில் கொடுத்திருந்தார்கள். "இதுல என்னம்மா போட்டிருக்கு?" என்றாள். கிட்னி கெட்டுப்போயிருந்தது என்று போட்டிருக்கிறது என்றேன். "அது எப்படிம்மா? நேத்து நடந்து வந்த மனுசன்" என்றாள். நான் "விதிம்மா" என்றேன். சீரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கத் தெரிந்தவள், மெஷினில் இரண்டு தடவை ஓட்டிச் சரிபார்த்தவள், விதி என்று சொன்னேன். அவள் நம்பினாள். தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனாள்.

உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும், உன் படிப்பு நின்றுவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எல்லாம் பிள்ளைக்காக என்று சொல்லிவிட்டால் எந்தப் பொய்யும் தாங்கும். உனக்குத் தெரியாமலேயே உன்னைப் பல வருடம் அந்தப் பொய்க்கு முட்டாக வைத்திருந்தேன். அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இன்னொன்றும் இருக்கிறது. உன்னை டாக்டராக்க வேண்டும் என்று நான் வெறி பிடித்து அலைந்தது ஏழைகளுக்கு வைத்தியம் பார்ப்பாய் என்று இல்லை. சொந்தக்காரர்களிடம் அப்படித்தான் சொன்னேன். மனதுக்குள், அந்த டாக்டர் நின்று என்னைத் திட்டிய இடத்தில் என் மகன் நிற்க வேண்டும், அவனை ஒருத்தரும் "நீ எந்த ஊரு" என்று கேட்கக் கூடாது என்பதுதான் இருந்தது. உனக்கு சீட் கிடைத்த அன்று உன் கன்னத்தைப் பிடித்து, "இனிமே நீ யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லடா" என்று சொன்னேன். நீ அந்தச் சொல்லை அப்படியே பிடித்துக்கொண்டாய். போன மாதம் வார்டில் பார்த்தேனே, நான் கேட்டது எனக்குக் கிடைத்திருந்தது. நீ அந்த இடத்தில்தான் நின்றாய்.

முதல் வருடம் பொங்கல் லீவுக்கு வந்தபோது, நீ படித்த பாடத்தை எனக்குச் சொல்லிக் காட்டினாய். செய்தித்தாள் ஓரத்தில் இதயத்துடிப்பின் கோட்டை வரைந்து, "பொட்டாசியம் ஏற ஏற இந்த முனை கூடாரம் மாதிரி ஊசியா நிக்கும்மா, அப்புறம் கோடு அகலமாகும், அப்புறம் நின்னுரும்" என்றாய். கால்சியம் ஊசி போட்டு இதயத்தைக் காப்பாற்றுவது, குளுக்கோசும் இன்சுலினும் கொடுத்துப் பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ளுவது எல்லாம் சொன்னாய். அழகாகச் சொன்னாய். நான், "ஏறுனா அந்த ஆளுக்கு என்ன செய்யும்? வலிக்குமா?" என்றேன். "கை கால் தளந்துபோகும். சில பேருக்கு ஒண்ணுமே தெரியாதும்மா. அதெல்லாம் எக்ஸாம்ல கேக்க மாட்டாங்க" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். அன்று உன்னிடம் சொல்லியிருக்கலாம். சமையல்கட்டுக்குள் போய்விட்டேன்.

பிறகு உங்களுக்கு நோயாளியிடம் பேசுவது எப்படி என்று ஒரு வகுப்பு வந்தது. பரீட்சைக்கு முன்னால் என்னைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, நான்தான் நோயாளி என்று பழகிப் பார்த்தாய். முதலில் உன் பெயரைச் சொன்னாய். என் பெயரைக் கேட்டாய். நின்றுகொண்டு பேசாமல், எனக்கு எதிரே உட்கார்ந்து என் கண்ணைப் பார்த்தாய். மாத்திரையை எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சின்னச் சின்ன வாக்கியமாகச் சொல்லிவிட்டு, "நான் சொன்னதுல என்ன புரிஞ்சுச்சுன்னு உங்க வார்த்தையில திருப்பிச் சொல்லுங்கம்மா" என்றாய். வேறு ஏதாவது கேட்க வேண்டுமா என்று கேட்டுவிட்டு, நான் பேசும்வரை காத்திருந்தாய். அந்த வகுப்பில் நல்ல மார்க் வாங்கினாய். அப்படியானால் உனக்குத் தெரியும். தெரியாமல் கத்துகிறவனைத் திருத்திவிடலாம். நீ தெரிந்துகொண்டே அந்த அம்மாவுக்குப் பெஞ்சைக் காட்டினாய். ஐந்து நோயாளிக்கு ஒரு டாக்டர் இல்லை, ஐம்பது பேருக்கு ஒருவர், தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை என்பாய். எனக்கும் தெரியும், உன் கண்ணுக்குக் கீழே இருக்கிற கறுப்பைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் நீ அந்த லேப் பெண்ணைத் திட்டச் செலவழித்த நேரத்தில், "சரிம்மா, பாக்குறேன்" என்று மூன்று தடவை சொல்லியிருக்கலாம்.

அந்த வார்டிலிருந்து திரும்பி வந்த பிறகு என்னால் இருக்க முடியவில்லை. முத்துக்காளையின் ஊர்ப் பெயர் இத்தனை வருடமும் எனக்கு மறக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து, உன் அப்பாவிடம் அத்தை வீட்டுக்கு என்று சொல்லிவிட்டு, பேரையூர் போய் அங்கிருந்து மினிபஸ் பிடித்தேன். கண்மாய்க் கரையில் நூறு நாள் வேலை நடந்தது. பேச்சியை விசாரித்தேன். கருவேல மரத்து நிழலில் தூக்குவாளியைத் திறந்து சாப்பிட உட்கார்ந்தவளைக் காட்டினார்கள். முடி பாதி நரைத்துவிட்டது. "நான் மதுரையில உங்க வீட்டுக்காரருக்கு ரத்தம் சோதிச்சவ" என்றேன். அவள் என்னையே பார்த்தாள். "சன்னல சாத்துனவளா?" என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். பதினொரு மணிக்கே எனக்குத் தெரியும் என்பதை, போன் செய்யாததை, மணியை மாற்றி எழுதியதை. அவள் சாப்பிடவும் இல்லை, வாளியை மூடவும் இல்லை. கேட்டு முடித்துவிட்டு, எனக்குத் தெரியாத ஒன்றை அவள் சொன்னாள். நாலு வருடத்துக்கு முன்னால், பிரஷருக்கும் சுகருக்கும் மாத்திரை கொடுக்க ஊருக்கு வருகிற நர்ஸ், பக்கத்து வீட்டுக்காரரிடம், "உங்களுக்குக் கிட்னி சரியில்ல, இளநி பக்கமே போகாதீங்க, உசுருக்கே ஆபத்து" என்று சொல்லியிருக்கிறார். பேச்சி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாளாம். "அன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுச்சு. ஒண்ணு இல்ல, மூணு குடுத்தேன் நான். கடைசி இளநிய அவரு வேணாம்னுதான் சொன்னாரு. குடிங்க, தெம்பு வரும்னு வாயில வச்சு ஊட்டுனேன். என் மககிட்டகூடச் சொல்லல. உங்கப்பன நாந்தாண்டி கொன்னேன்னு எப்படிச் சொல்லுவேன்?" என்றாள்.

"நீங்க கொல்லல. நீங்க கேட்டீங்க. நான்தான் சொல்லல" என்றேன். அவள் கையை ஓங்கினாள். அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையை இறக்கிவிட்டாள். "குடுக்காதன்னு ஒரு வார்த்த. ஒரே வார்த்த. அதச் சொல்ல எம்புட்டு நேரமாகும்?" என்றாள். சொல்லியிருந்தாலும் முத்துக்காளை பிழைத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. சிறுநீரகம் அந்த அளவுக்குக் கெட்டிருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை, சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் நாலு வருடம் அவள் தன்னைக் கொலைகாரி என்று நினைத்துக்கொண்டு இருந்தாளே, அது பொட்டாசியத்தால் வந்தது இல்லை. அதை நான் கொடுத்தேன்.

அவள் எழுந்து, "வா" என்றாள். வீட்டுக்குக் கூட்டிப்போனாள். மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள், மடியில் கைக்குழந்தை. "எங்கிட்ட சொன்னத அவகிட்டயும் சொல்லு. நான் சொன்னா நம்ப மாட்டா" என்றாள் பேச்சி. வாசலில் நின்றபடியே இரண்டாவது தடவை எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பெண் என்னைப் பார்க்கவே இல்லை. கேட்டு முடித்ததும் அம்மாவிடம் திரும்பி, "இத மனசுல வச்சுக்கிட்டாம்மா இம்புட்டு நாளும் இருந்த?" என்று கேட்டாள். பேச்சி தரையில் உட்கார்ந்துவிட்டாள். மகள் குழந்தையைக் கீழே கிடத்திவிட்டு அவளைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள். என்னை யாரும் உட்காரச் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. மன்னிச்சிருங்க என்றேன். யார் காதிலும் விழவில்லை, அல்லது விழுந்தும் யாரும் திரும்பவில்லை. நானாகவே திரும்பி நடந்தேன்.

நீ செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். சென்னைக்குப் போவதற்கு முன்னால் உன் ஆஸ்பத்திரி லேப்புக்குப் போ. அந்தப் பெண் காலை ஷிப்டில் இருப்பாள். அவளிடம் மன்னிப்புக் கேட்டால் மட்டும் போதாது. "அடுத்த தடவையும் போன் பண்ணுங்க, யார் கத்துனாலும் பண்ணுங்க" என்று உன் வாயால் சொல். நீ சொன்னால்தான் அது அவளுக்கு உத்தரவு, நான் சொன்னால் வெறும் ஆறுதல். அன்று சுகர் இறங்கிய அந்த நோயாளி என்ன ஆனார் என்றும் விசாரி. உனக்குத் தெரிந்திருந்தால் சந்தோஷம். தெரியவில்லை என்றால், ஏன் தெரியவில்லை என்று ரயிலில் உட்கார்ந்து யோசி. பெஞ்சில் உட்கார வைத்த அந்த அம்மாவை இனி உன்னால் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. எனக்காவது ஊர்ப் பெயர் தெரிந்திருந்தது.

அன்று பேச்சி வீட்டிலிருந்து திரும்பி, மினிபஸ்ஸுக்காகக் கண்மாய்க் கரை நிறுத்தத்தில் நின்றேன். அரை மணி நேரம் கழித்து பேச்சி வந்தாள். முகம் கழுவியிருந்தாள். என்னை மன்னித்துவிட்டாள் என்று நினைத்துவிடாதே, அவள் கண்ணில் அப்படி ஒன்றும் இல்லை. இரண்டடி தள்ளி நின்றுகொண்டு, "உனக்கு எத்தன பிள்ளைக?" என்று கேட்டாள். ஒரே மகன் என்றேன். என்ன செய்கிறான் என்று கேட்டாள். உனக்கு சீட் கிடைத்த நாளிலிருந்து, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் நான் பெருமையாகச் சொன்ன வார்த்தை அது. அன்று தரையைப் பார்த்துக்கொண்டு, "டாக்டரா இருக்கான்" என்று மெதுவாகச் சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அவனாச்சும், கேட்டாச் சொல்லுவானா?" என்றாள்.

பஸ் வந்தது. பதில் சொல்லாமல் ஏறிவிட்டேன்.

அம்மா